கழுத்து ஸ்கேனில் கட்டி என்று வந்தால்...



சென்ற மாதம் கல்வராயன் மலையில் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் மனுக்களைப் படித்துக் கொண்டிருந்தார்கள். மாடு வாங்க ஒன்று, மரவள்ளிக்கு உரம் போட ஒன்று, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட ஒன்று. நான்காவது மனுவில் 60,000 ரூபாய் கேட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் "கழுத்து ஆபரேஷன்" என்று எழுதியிருந்தார்கள். குழுவின் கையிருப்பே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஊக்குநர் கேட்டார்: "ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாராக்கா?"

"டாக்டரை இன்னும் பாக்கலம்மா. கழுத்துல லேசா வீங்குன மாதிரி இருந்துச்சு. கீழ போயி ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டுல கட்டின்னு போட்டிருக்குதாம், எங்க மச்சான் மவன் படிச்சு சொன்னான். கட்டின்னா கேன்சர்தானே? முத்திப் போறதுக்குள்ள எடுத்துடணும்ல?"

பாவம், பத்து நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். கட்டியின் அளவு 12 மி.மீ. கடைசியில் டைராட்ஸ் 2 என்று இருந்தது. அந்த 2 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தால் அவர் பத்து நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கடனைப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினோம். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு ரத்த டெஸ்ட் எழுதினார், அது சரியாக இருந்தது. இதற்கு ஊசியும் வேண்டாம் ஆபரேஷனும் வேண்டாம், பெரிதாகிற மாதிரி தெரிந்தால் வாம்மா என்று சொல்லிவிட்டார். கடன் மனுவை அவர் திரும்ப வாங்கிக் கொண்டார்.

இது ஒருவர் கதை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் பார்த்த பிறகுதான் இந்த ரிப்போர்ட் விஷயத்தை நமது மலரில் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

ரத்த டெஸ்ட் வேறு, ஸ்கேன் வேறு

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. வலது இறக்கை, இடது இறக்கை, நடுவில் இரண்டையும் சேர்க்கும் சின்னப் பாலம். ஒவ்வொரு இறக்கையும் 4 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும். உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, மாதவிலக்கு, வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இது சுரக்கும் நீர் தேவை.

நம் பெண்கள் "எனக்கு தைராய்டு இருக்குது" என்று சொல்வார்கள். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது! அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்வது டி.எஸ்.எச். என்ற ரத்த டெஸ்ட். சுரப்பியின் உருவம் எப்படி இருக்கிறது, அதற்குள் முண்டு முடிச்சு ஏதும் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்வது ஸ்கேன். கட்டி இருக்கும் பலருக்கு ரத்த டெஸ்ட் சரியாகவே இருக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பலருக்குக் கட்டியே இருக்காது. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

கட்டி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். கையால் தடவிப் பார்த்தால் 100 பேரில் சுமார் 5 பேருக்குத் தட்டுப்படும். ஸ்கேன் வைத்துப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு பேருக்குத் தெரியும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்குக்கூட இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அப்படித் தெரியும் கட்டிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் கேன்சர் இல்லாதவை. ரிப்போர்ட்டில் இவற்றை நாட்யூல் என்று எழுதுவார்கள். அதைத்தான் நாம் கட்டி என்கிறோம். நம் ஊரில் கட்டி என்ற வார்த்தைக்கே ஒரு பயம் ஒட்டிக் கொண்டிருக்கிறது. முடிச்சு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஸ்கேன் அறையில்

மலை இடுக்கில் நின்று கூப்பிட்டால் எதிர்ப் பாறையில் பட்டுக் குரல் திரும்பி வரும் அல்லவா? இந்த ஸ்கேனும் அப்படித்தான். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் போடுகிறது. எக்ஸ்ரே மாதிரி கதிர் எதுவும் இல்லை. கர்ப்பிணிகளும் எடுத்துக் கொள்ளலாம். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்து, கழுத்தில் குளிர்ச்சியான ஜெல் தடவி, ஒரு கருவியால் உருட்டிப் பார்ப்பார்கள். வலிக்காது. தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்து போகாமல் இருந்த ஒரு உறுப்பினரை எனக்குத் தெரியும். கயிற்றை ஒதுக்கிப் பிடித்துக் கொண்டாலே போதும்.

ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி?

ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். அர்த்தம் நமக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் அளவு. மூன்று எண்கள் போட்டிருப்பார்கள்: நீளம், அகலம், உயரம். அது மி.மீ. கணக்கா, செ.மீ. கணக்கா என்று பாருங்கள். 10 மி.மீ. சேர்ந்தால்தான் 1 செ.மீ. 5 மி.மீ. என்றால் ஒரு பச்சைப்பயறு. 1 செ.மீ. என்றால் ஒரு கொண்டைக்கடலை. 2.5 செ.மீ. என்றால் ஒரு சின்ன நெல்லிக்காய். முதலில் சொன்ன உறுப்பினர் வீட்டில் 12 மி.மீ. என்பதை 12 செ.மீ. என்று படித்துவிட்டார்கள். கழுத்தே அவ்வளவு நீளம் இருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் கணக்கு மறந்து போகும்.

அடுத்தது கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. சிஸ்டிக் என்றால் நுங்கு மாதிரி உள்ளே நீர். ஸ்பாஞ்சிஃபார்ம் என்றால் தேனடை மாதிரி சின்னச் சின்ன அறைகள். இந்த இரண்டுக்கும் பயமே வேண்டாம். சாலிட் என்றால் மரவள்ளிக் கிழங்கு மாதிரி முழுவதும் கெட்டி. கெட்டியாக இருப்பதாலேயே கேன்சர் என்று ஆகிவிடாது, ஆனால் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த அடையாளங்கள் என்ன? ஹைப்போஎக்கோயிக் என்று எழுதியிருந்தால் சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கட்டி கருப்பாகத் தெரிகிறது என்று அர்த்தம். விளிம்பு வழவழப்பாக இல்லாமல் ஒழுங்கற்று இருப்பது ஒரு அடையாளம். ரவையைத் தூவினாற்போல உள்ளே பொடி வெள்ளைப் புள்ளிகள் தெரிவது இன்னொன்று, அதை மைக்ரோ கால்சிஃபிகேஷன் என்பார்கள். பிறகு கட்டியின் நிலை. கத்தரிக்காய் தரையில் படுத்துக் கிடந்தால் சரி, நட்டுக்குத்தலாக நின்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதாவது கட்டி அகலத்தைவிட உயரமாக இருந்தால் டாலர் தேன் வைட் என்று எழுதுவார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, 1 முதல் 5 வரை ஒரு எண் கொடுப்பார்கள். அதுதான் டைராட்ஸ். பரீட்சை மார்க்குக்கு நேர் எதிர், எண் குறையக் குறைய நல்லது. அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் 2017-ல் வெளியிட்ட கணக்கைத்தான் நம் ஊர் ஸ்கேன் சென்டர்கள் பலவும் பின்பற்றுகின்றன. அதன்படி 1, 2 என்றால் அளவு என்னவாக இருந்தாலும் கேன்சருக்காக ஊசி டெஸ்ட் தேவையில்லை. 3 என்றால் கேன்சராக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 5 அல்லது அதற்கும் குறைவு. கட்டி 2.5 செ.மீ. இருந்தால்தான் ஊசி டெஸ்ட், 1.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் இடைவெளி விட்டு மறுபடி ஸ்கேன். 4 என்றால் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 20 வரை. 1.5 செ.மீ. இருந்தால் ஊசி டெஸ்ட், 1 செ.மீ. இருந்தால் அடுத்த வருடம் மறு ஸ்கேன். 5 என்றால் நூற்றுக்கு 20-க்கு மேல். 1 செ.மீ. இருந்தாலே ஊசி டெஸ்ட் செய்துவிட வேண்டும், அரை செ.மீ. இருந்தாலும் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

5 என்று வந்தால்கூட கேன்சர் உறுதி என்று அர்த்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, ஐரோப்பாவிலும் கொரியாவிலும் வேறு கணக்குகள் வைத்திருக்கிறார்கள். சில சென்டர்களில் அந்த முறையில் எழுதுவார்கள், 4 ஏ, 4 பி என்றும் போடுவார்கள். அதனால் எண்ணை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பதறாமல் டாக்டரிடம் கேள்வி கேட்பதற்குத்தான் இந்த எண் நமக்கு உதவும். "என் கட்டிக்கு டைராட்ஸ் எத்தனை டாக்டர்? ஊசி டெஸ்ட் தேவையா? மறுபடி எப்போ வரணும்?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எண் எதுவாக இருந்தாலும், குரல் கம்மிப் போய் வாரக்கணக்கில் சரியாகாவிட்டால், சோறு விழுங்கக் கஷ்டமாக இருந்தால், படுத்தால் மூச்சு அடைத்தால், கட்டி வேகமாக வளர்ந்தால், கழுத்தில் நெறி கட்டியிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு கேன்சர் வந்திருந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஊசி டெஸ்ட்

இதற்கு எஃப்.என்.ஏ.சி. என்று பெயர். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் செல்லை எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கிற மாதிரிதான் வலிக்கும். சில நிமிடத்தில் முடியும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். "ஊசி குத்துனா கேன்சர் உடம்பெல்லாம் பரவிடும்" என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளிப் போட வேண்டாம். இந்த முடிவிலும் 1 முதல் 6 வரை எண் வரும், அதை பெதஸ்டா என்பார்கள். ஸ்கேன் எண்ணோடு இதைக் குழப்பக் கூடாது. இதில் 1 என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை, செல் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று அர்த்தம். 2 என்றால் கேன்சர் இல்லை. 3, 4 என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 5 சந்தேகம் பலமாக இருக்கிறது. 6 என்றால் கேன்சர்.

ஒளித்து வைத்த ரிப்போர்ட்

இப்போது அந்த இன்னொரு சகோதரி. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமம். "பேரு போட வேணாம்மா, விஷயத்தைப் போடுங்க, நாலு பேருக்கு ஆவும்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். அவருக்கு 1.8 செ.மீ. கட்டி, டைராட்ஸ் 4. ஊசி டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்திருந்தார்கள். அவர் ரிப்போர்ட்டை மடித்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மகளுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தார்கள். தாய்க்குக் கழுத்தில் கட்டி என்று தெரிந்தால் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. மகள் கல்யாணம் முடிந்த பிறகு, குரல் கரகரக்க ஆரம்பித்ததும்தான் குழுவில் வாயைத் திறந்தார்.

ஊசி டெஸ்ட்டில் 6 என்று வந்தது. பாப்பில்லரி என்ற வகைக் கேன்சர். தைராய்டில் வரும் கேன்சர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், மெதுவாக வளர்வது, சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாக நீண்ட காலம் வாழ்கிறார்கள். ஆனால் இவருக்குக் கழுத்து நெறிகளுக்கும் பரவியிருந்ததால் ஆபரேஷன் பெரிதாகிவிட்டது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. இன்று தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ குடிக்கிறார். சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளித்தான் சாப்பிட வேண்டும். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும்போது அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

அப்படியானால் எல்லோரும் போய்க் கழுத்து ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தென் கொரியாவில் அப்படித்தான் செய்தார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். 1993-ல் இருந்ததைவிட 2011-ல் தைராய்டு கேன்சர் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை குறையவே இல்லை. அதாவது, கடைசி வரை ஒன்றும் செய்யாமல் உள்ளேயே கிடந்திருக்கக் கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கவனிக்கும் சுரப்பி பாதித்தது, 2 பேருக்குக் குரல் நரம்பு போயிற்று. 2014-ல் அந்த நாட்டு டாக்டர்களே சிலர் சேர்ந்து இதை எதிர்த்துப் பேசிய பிறகுதான் ஆபரேஷன் குறைந்தது. நம்மிடமும் "முழு உடல் பரிசோதனை, இத்தனை ரூபாய்க்கு இத்தனை டெஸ்ட்" என்று நோட்டீஸ் வருகிறது. கழுத்தில் வீக்கமோ தொந்தரவோ இல்லாமல், டாக்டரும் சொல்லாமல், தைராய்டு ஸ்கேனுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

உப்பும் மரவள்ளியும்

கழலை வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் அயோடின் குறைவு. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் ஊரே கழலையோடு இருந்தது. 1956-ல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், சில வருடங்களில் கழலை குறைந்தது. அதை வைத்துத்தான் 1962-ல் மத்திய அரசு தேசிய கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் இல்லாத உப்பை மனிதர் சாப்பிட விற்கக் கூடாது என்ற தடை 2006-லிருந்து நாடு முழுவதும் இருக்கிறது.

ஆனால் 2018-19-ல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். கடைசி வரிசையில் நம் மாநிலம்! தூத்துக்குடியில் மலை மலையாக உப்பு விளைகிறது, நம் வீட்டு உப்பில் அயோடின் இல்லை. கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல, அதில் இருப்பது மிகமிகக் கொஞ்சம். நாம் மூட்டையில் வாங்கும் கல் உப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது பாக்கெட்டில் கிடைக்கிறது, சிரிக்கும் சூரியன் படம் போட்டிருக்கும். உப்பை மூடி வையுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், கல் உப்பைக் கழுவிப் போடாதீர்கள், இறக்கும் சமயத்தில் போடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் உப்பு சோதிக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்டு, ஒரு கூட்டத்துக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு கொண்டு வந்து பாருங்கள். சொட்டு விட்டதும் நீலமாக மாறினால் அயோடின் உண்டு.

மரவள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையிலும் சின்னசேலம் பக்கமும் நமக்கு அதுதான் பயிர், பல வீட்டில் அதுதான் பலகாரம். கிழங்கில் உள்ள ஒரு பொருள் உடம்பில் மாறி, தைராய்டுக்குப் போகும் அயோடினைத் தடுக்கும். உப்பில் அயோடின் இருந்தால் இதனால் பெரிய தொல்லை இல்லை. அயோடினும் குறைந்து, கிழங்கே முக்கிய உணவாகவும் இருந்தால்தான் ஆபத்து. தோலைக் கனமாகச் சீவி, நறுக்கி ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கைச் சாப்பிட வேண்டாம். மாவு ஆலைக்குப் போகும் ரகங்களைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

ஒரு விஷயம். அயோடின் உப்பு இனி வருவதைத் தடுக்க உதவும், ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கரைக்காது. கரைப்பதற்கு என்று லேகியம், பூச்சு, நூல் கட்டுதல் எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

போகும்போது

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டி.எஸ்.எச். டெஸ்ட்டுக்கு எழுதி வாங்குங்கள். மேல் சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தது. முன்பு போல எடுத்ததற்கெல்லாம் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் ஓட வேண்டியதில்லை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து உறுப்பினர்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் புறநோயாளிச் சீட்டு வாங்க முடியும். துணைக்கு குழுவில் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ஆபரேஷன் என்று சொன்னால் கடன் மனு எழுதுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் தூக்கிப் போடக் கூடாது. கட்டி வளர்ந்ததா இல்லையா என்பது பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். சென்ற தடவை 12 மி.மீ., இந்தத் தடவை 13 மி.மீ. என்று வந்தால் வளர்ந்துவிட்டது என்று அழ வேண்டாம், அளக்கும் கை மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். குழுவின் வரவு செலவு ரசீதுகளைப் போடுகிறோமே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் வேண்டாம், எலி கடித்துவிடும்.